வருஷம் போடாத நோட்டு: பழைய நேபாளப் பணத்தை வாசிப்பதும் விலை சொல்வதும்

பழைய நேபாள நோட்டு ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது வருஷத்தைத்தான். முன்பக்கம் பார்ப்பார்கள், பின்பக்கம் திருப்புவார்கள், ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். இருக்காது. நேபாளத்தின் மத்திய வங்கியான நேபாள ராஷ்டிர வங்கி வெளியிட்ட பழைய நோட்டுகளில் பெரும்பாலானவை தேதியில்லாதவை. ஆண்டை ஒழுங்காக அச்சிடும் பழக்கம் 2012 வாக்கில்தான் வந்தது.

இதே காலத்து நேபாள நாணயங்களில் இந்தச் சிக்கல் கிடையாது. நேபாள நாட்காட்டியின் விக்கிரம ஆண்டு தெளிவாகப் பொறித்திருக்கும். அதிலிருந்து 56 அல்லது 57ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். நோட்டு அப்படிச் சுலபமாகப் பிடிகொடுக்காது. மன்னர் யார், தலையில் என்ன வைத்திருக்கிறார், கீழே கையெழுத்துப் போட்டது எந்த கவர்னர், யார் பெயரில் உத்தரவாதம் எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். விலையும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. "ரொம்பப் பழசு சார்" என்று விற்பவர் சொல்வதை வைத்து வாங்கினால் ஏமாறுவீர்கள். ஐம்பது வருஷத்து நோட்டு ஒன்று டீக்காசுக்குக் கிடைக்கும். இருபது சொச்சம் வருஷமே ஆன நோட்டுக்கு ஆள் காத்திருப்பார்கள்.

நேபாளத்தில் காகிதப் பணம் வந்ததே தாமதமாகத்தான். விக்கிரம ஆண்டு 2002, ஆசுவின மாதம் முதல் தேதி, அதாவது 1945 செப்டம்பரில் முதல் நோட்டுகள் வெளியாயின. அப்போது மத்திய வங்கி என்று ஒன்று இல்லை. 'சதர் முலுகி கானா' என்ற அரசுக் கருவூலம் 5, 10, 100 என மூன்று மதிப்புகளில் வெளியிட்டது. முகம் மன்னர் திரிபுவனுடையது, அதிகாரம் பரம்பரையாக நாட்டை ஆண்ட ராணா குடும்பத்துப் பிரதமர் ஜுத்த சம்ஷேருடையது. அச்சடித்த இடம் நம் நாசிக். ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய நோட்டுகள் அடிக்கப்பட்ட அதே ஊர். அந்தக் கால இந்திய நோட்டுகளைச் சேர்ப்பவர்களுக்குத் திரிபுவன் நோட்டைப் பார்த்ததும் தெரிந்த முகம் போல ஒரு உணர்வு வந்தால் அதில் வியப்பில்லை. ஆங்கில எழுத்தில் 'மொஹ்ரு' என்று மதிப்பு போட்டிருப்பார்கள். நேபாள ரூபாய்க்கு அன்றைய பெயர் அது. பாதி ரூபாய் மதிப்புள்ள வெள்ளி நாணயம் மொஹர், முழு ரூபாய் மொஹ்ரு. இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் இந்திய ரூபாயும் தாராளமாகப் புழங்கியதால், எந்த ரூபாய் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நோட்டு அச்சாகி வந்துவிட்டதே தவிர, மலைக்கிராமங்களில் அதை யாரும் சீந்தவில்லை. 1953இல் ஜான் ஹண்ட் தலைமையில் எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் குழு, சுமையாட்களின் கூலியை நாணயமாகவே தூக்கிக்கொண்டு போனது. காகிதத்தைக் கொடுத்தால் மலையில் வாங்கமாட்டார்கள். அந்த நாணயப் பெட்டிகளைச் சுமக்கவே தனி ஆட்கள் வேண்டியிருந்தது. நோட்டு வந்து எட்டு வருஷம் ஆன பிறகும் நிலைமை இதுதான். அதனால் ஆரம்ப கால நோட்டு என்றால் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் வியாபாரி வீடு, அதிகாரி வீடு, இல்லையென்றால் இந்தியப் பக்கம். 'மலையில் ஒரு கிழவி பெட்டியில் கட்டுக்கட்டாக வைத்திருந்தாள்' என்று யாராவது கதை சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். கிழவி பெட்டியில் வெள்ளிதான் வைத்திருப்பாள்.

1951இல் ஒரு மொஹ்ரு நோட்டும் சேர்ந்தது. உலக நோட்டுகளுக்கெல்லாம் எண் கொடுத்தவர் ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர். நோட்டு சேர்ப்பவர்கள் 'பிக் எண்' என்று சொல்வது அவர் பெயரைத்தான். அவர் வரிசையில் நேபாளத்தின் 1ஆம் எண் இந்தச் சின்ன நோட்டுக்குத்தான், 1945இல் வந்த மூன்றும் இதற்குப் பின்னால் நிற்கும். அதனால் 'பிக் 1 என்றால் முதல் நோட்டு' என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் குழப்பத்தில் புதியவர்கள் நிறையப் பேர் விழுகிறார்கள்.

திரிபுவன் காலத்து 100 மொஹ்ரு, பின்பக்கம் காண்டாமிருகத்தோடு, இந்தத் துறையின் பெரிய தலை. கிழிசலும் கறையுமாக இருந்தாலும் பல ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இறங்காது. சலவை மாறாமல் இருந்தால் ஏலத்துக்குத்தான் போகும். ஏன் இவ்வளவு அரிது என்றால், அன்றைக்கு 100 ரூபாய் என்பது பெரிய தொகை. அதை ஞாபகத்துக்காக எடுத்து வைக்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? சிறிய மதிப்பு நோட்டை மறந்து டப்பாவில் போட்டு வைப்பார்கள், பெரியதை மாற்றிவிடுவார்கள். எந்த நாட்டு நோட்டுக்கும் இதே கதைதான்.

இனி மன்னர்களின் உடை. நேபாள நோட்டைப் படிக்க இதைவிடக் கைகொடுக்கும் அடையாளம் கிடையாது.

நேபாள ராஷ்டிர வங்கி 1956 ஏப்ரலில் தொடங்கியது. திரிபுவன் 1955இலேயே இறந்துவிட்டார், ஆனால் மகன் மகேந்திரரின் முகம் நோட்டில் ஏற 1960 பிப்ரவரி ஆனது. முதல் வரிசையில் அவர் சாதாரண உடையில், தலையில் நேபாளத் தொப்பியோடு இருப்பார். இந்த வரிசைக்குள்ளேயே மொஹ்ரு போய் ரூபாய் வந்தது. அடுத்த வரிசையில் ராணுவச் சீருடைக்கு மாறிவிட்டார். 500, 1000 ரூபாய் நோட்டுகள் முதலில் வந்ததும் அப்போதுதான். 1960இன் கடைசியில் அவர் நாடாளுமன்றத்தைக் கலைத்து, பிரதமர் பி.பி. கொய்ராலாவைச் சிறையில் வைத்து, ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டதை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மகேந்திரரின் மகன் வீரேந்திரர் 1972இல் பட்டத்துக்கு வந்தார். 1974 முதல் அவருடைய நோட்டுகள், முதலில் சீருடையில். 1980களில் தொடங்கிய அடுத்த வரிசையில் இறகு வைத்த கிரீடம். அந்த இறகு நியூகினித் தீவுக் காட்டில் வாழும் சொர்க்கப் பறவையினுடையது, இமயத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆக, வீரேந்திரர் தலையில் கிரீடம் இருந்தால் பிந்தியது, தோளில் பட்டை இருந்தால் முந்தியது.

பின்பக்கம் முழுக்க விலங்குகள். நேபாள நோட்டை உலகம் முழுக்கச் சேர்ப்பதற்கு முக்கியக் காரணமே இவைதான். வீரேந்திரர் கால நோட்டுகளில் ஒரு ரூபாயில் கஸ்தூரி மான், 2 ரூபாயில் சிறுத்தை, 5 ரூபாயில் யாக். நாம் பெயரில் ஒரு மானைச் சேர்த்து 'கவரிமான்' ஆக்கிவிட்டோமே, அந்தக் கவரிமா இந்த யாக்தான். 10இல் கிண்டியில் நாம் பார்க்கும் வெளிமான், 20இல் கடமான், 50இல் இமயத்து வரையாடு, 100இல் காண்டாமிருகம், 500இல் புலிகள், 1000இல் யானை. சிறிய மதிப்புகளை முழுசாக, மடிப்பில்லாமல் சேர்க்க ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் செலவு கூட ஆகாது. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இந்த வரிசையைத்தான். 500, 1000 என்று மேலே போகும்போதுதான் பர்ஸ் கனம் குறையும், அதுவும் சீருடை வரிசையில்.

அப்புறம் கையெழுத்து. கவர்னர்கள் தேவநாகரியில் கையெழுத்திடுவார்கள். அதே ஒரு ரூபாய் நோட்டு, அதே மன்னர், அதே கஸ்தூரி மான், ஆனால் நான்கு வெவ்வேறு கையெழுத்தோடு வந்திருக்கும். சாதாரணக் கண்ணுக்கு நான்கும் ஒன்று. சேர்ப்பவருக்கு நான்கும் நான்கு. குல் சேகர் சர்மா 1973 முதல் 1978 வரை, கணேஷ் பகதூர் தாபா 1980களின் நடுவிலிருந்து 1990 வரை, ஹரிசங்கர் திரிபாடி 1990 முதல் 1995 வரை என்று பதவிக்காலம் தெரிந்தால், தேதியில்லாத நோட்டு நாலைந்து வருஷ இடைவெளிக்குள் வந்து நின்றுவிடும். வங்கியின் முதல் கவர்னர் ஹிமாலய சம்ஷேர். அவர் கையெழுத்துள்ள மகேந்திரர் நோட்டுக்கு எப்போதும் கூடுதல் மரியாதை.

இதில் ஒரு குட்டி நாடகமும் உண்டு. 2000ஆம் ஆண்டில் கவர்னராக இருந்த திலக் ராவலை அரசு நீக்கிவிட்டு தீபேந்திர புருஷ் தகாலை அமர்த்தியது. ராவல் வழக்குப் போட்டார், உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப நாற்காலியில் உட்காரவைத்தது. தகால் இருந்தது சில மாதங்கள்தான். ஆனால் அவர் கையெழுத்தோடு நோட்டுகள் வந்துவிட்டன. வீரேந்திரரின் கடைசிக் கால நோட்டு யாரிடமாவது கட்டாக இருந்தால், நான் மன்னர் முகத்தைப் பார்ப்பதே இல்லை, நேராகக் கையெழுத்துக்குத்தான் போவேன்.

2001 ஜூன் 1 இரவு நாராயணஹிட்டி அரண்மனையில் வீரேந்திரரும் குடும்பத்தினரும் கொல்லப்பட்டார்கள். நினைவிழந்து படுத்திருந்த பட்டத்து இளவரசர் தீபேந்திரர் மூன்று நாள் பெயரளவில் மன்னர். அவர் படம் போட்ட நோட்டு கிடையாது. யாராவது காட்டினால் அது வேடிக்கைக்கு அச்சடித்தது. பிறகு வந்த வீரேந்திரரின் தம்பி ஞானேந்திரர் அதற்கு முன்பும் ஒரு முறை மன்னராக இருந்தவர். 1950 நவம்பரில் திரிபுவன் இந்தியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து டெல்லிக்குப் போனபோது, ராணாக்கள் மூன்று வயதுப் பேரனைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் குழந்தை பெயரில் நாணயம் கூட அடித்தார்கள். ஆக, ஞானேந்திரருக்கு 1950 நாணயமும் உண்டு, 2002இல் வந்த பிளாஸ்டிக் நோட்டும் உண்டு. அந்த 10 ரூபாய் பாலிமர் நோட்டு ஆஸ்திரேலியாவில் அச்சானது. பார்க்கப் புதுமையாக இருப்பதால் பலர் அதை அரிது என்று விற்கப் பார்ப்பார்கள். சும்மா கிடைக்கும் நோட்டு அது, நாலு மடங்கு விலை கொடுக்காதீர்கள். 1997இல் வீரேந்திரர் ஆட்சியின் வெள்ளி விழாவுக்கு வந்த 25, 250 ரூபாய் நோட்டுகளும் ஏறக்குறைய இப்படித்தான். அந்த மதிப்புகள் வேறு எப்போதும் வராததால் ஆசை வரும். ஆனால் நினைவு வெளியீடு என்று தெரிந்ததும் எல்லோரும் எடுத்து வைத்துவிட்டார்கள், அதனால் நல்ல நிலையில் இன்றும் கிடைக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது 2006க்கும் 2008க்கும் இடைப்பட்ட காலம்தான். ஒரு நாடு முடியாட்சியை விட்டு இறங்கிய படிகளை நோட்டில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதுவரை நோட்டில் 'ஸ்ரீ 5 கோ சர்க்கார்' உத்தரவாதம் தருவதாக இருக்கும். ஐந்து முறை ஸ்ரீ போடப்படும் மன்னரின் அரசு என்று பொருள். ராணாக்களுக்கு மூன்று ஸ்ரீதான். 2006 மே மாதம், மக்கள் போராட்டத்துக்குப் பிறகு, நாடாளுமன்றம் 'ஸ்ரீ 5'ஐ எடுத்துவிட்டு 'நேபாள சர்க்கார்' என்று மாற்றியது. அதன் பிறகு அச்சான ஞானேந்திரர் நோட்டுகளில் கிரீடத்தோடு மன்னர் முகம் அப்படியே இருக்கும், உத்தரவாத வரியில் மட்டும் மன்னரைக் காணோம். ஒரு சொல் மாற்றம், அவ்வளவுதான். தேவநாகரி தெரியாத வியாபாரி இரண்டையும் ஒரே விலைக்குக் கொடுப்பார்.

அடுத்து 2007 அக்டோபரில் ஒரு 500 ரூபாய் நோட்டு. மன்னர் முகம் இருந்த இடத்தில் எவரெஸ்ட் சிகரம். முடியாட்சி சட்டப்படி ஒழிந்தது 2008 மே 28இல்தான், நோட்டு அதற்கு முன்பே முந்திக்கொண்டது. ஆனால் தாள் பழைய இருப்பு. அதன் வாட்டர்மார்க்கில் கிரீடம் வைத்த மன்னர் உட்கார்ந்திருந்தார். காகிதத்துக்குள் இருப்பதை எப்படி அழிப்பது? அந்த வெள்ளைச் சாளரத்தின் மேல் நேபாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸை அச்சடித்து மூடினார்கள். 1000 ரூபாயிலும் அப்படியே. சிறிய மதிப்புகளுக்கு அந்தச் சிரமம் கூடப் படவில்லை. முகப்பில் எவரெஸ்ட், வெளிச்சத்தில் பிடித்தால் மன்னர், மறைக்கப் பூவும் இல்லை. பிறகு வந்த தாளில்தான் வாட்டர்மார்க்கே பூவாக மாறியது. ஆக, அச்சான பூ, தாளுக்குள் இருக்கும் பூ, பூ இல்லாத மன்னர் என்று மூன்று வகை. ஆல்பத்தில் அடுத்தடுத்துச் செருகி வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினால் நோட்டில் ஆர்வமே இல்லாதவர்கள் கூட ஒரு நிமிஷம் நிற்பார்கள். விலை இன்னும் ஏறவில்லை. வாங்குவதற்கு இதுதான் நேரம் என்பது என் கணிப்பு, கணிப்பு மட்டுமே.

சரி, விலை. வகையைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்றால் மீதி முழுக்க நிலைதான். அச்சகத்திலிருந்து வந்தபடி மடிப்பே இல்லாதது 'யுஎன்சி'. நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் அது இறங்கிவிடும், விலை கணிசமாகக் குறையும். நேபாள நோட்டுக்கென்று ஒரு சலுகை உண்டு. கட்டுகளை ஸ்டேப்பிள் அடித்தே வெளியிட்டதால், ஓரத்தில் பின் ஓட்டை இருப்பது சகஜம். நம் பழைய இந்திய நோட்டுகளைப் போலத்தான். அந்த ஓட்டையைப் பெரிய குறையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மாறாக, 1970களின் நேபாள நோட்டு ஓட்டையே இல்லாமல், ஓரம் கத்தி போல வெட்டி இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஓட்டையிருந்த பக்கத்தை நறுக்கியிருப்பார்கள். அதே வகை நோட்டு இன்னொன்றை மேலே வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ஒரு முறை மகேந்திரர் தொப்பி போட்ட 10 ரூபாய் நோட்டு ஒன்றை யுஎன்சி என்று நம்பி, தபாலில் நல்ல விலைக்கு வாங்கினேன். உறையைப் பிரித்தபோது பளிச்சென்றுதான் இருந்தது. இரவில் மேஜை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, நோட்டைக் கண்மட்டத்தில் படுக்கவைத்துப் பார்த்தபோது நடுவில் ஒரு கோடு, அதற்குக் குறுக்கே இன்னொன்று. மூக்கருகே கொண்டுபோனால் சலவைப் பொடி வாசனை. நோட்டைக் கழுவி, இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறார் புண்ணியவான். புது நோட்டின் எண்ணை விரலால் தடவினால் அச்சின் அழுத்தம் நெருடும், விரலால் சுண்டினால் படபடவென்று சத்தம் வரும். இது துணி போலத் தொங்கியது. திருப்பி அனுப்பிக் காசு வாங்க ஒன்றரை மாதம் ஆனது. அதிலிருந்து நான் விற்பவரிடம் சாய்வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் கேட்காமல் வாங்குவதில்லை. தர மறுத்தால் விஷயம் புரிந்துவிடும்.

எண்ணுக்கும் விலை உண்டு. 786 நம் சந்தையில் ஓடுவது போல, 108, 000001, ஒரே இலக்கம் வரிசையாக வருவது எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் நேபாள நோட்டில் எண் தேவநாகரியில் இருக்கும். தேவநாகரி ஒன்று பார்க்க நம் 9 போலவே இருக்கும், நான்கு 8 போல மேலே வாய் திறந்திருக்கும், ஐந்து அவசரத்தில் 4 போலத் தெரியும். பத்து இலக்கங்களையும் ஒரு சீட்டில் எழுதி ஆல்பத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். விற்பவர் கவனிக்காத நல்ல எண்கள் மலிவான கட்டுகளுக்குள் கிடக்கின்றன.

தமிழ்நாட்டில் நேபாள நோட்டு வீட்டுக்குள் வந்தது பெரும்பாலும் கோயில் வழியாகத்தான். முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் வைணவக் குடும்பங்களும், பசுபதிநாதருக்காக மற்றவர்களும் போய்வந்து, மீந்த 5, 10 ரூபாய்களை சாளக்கிராமத்தோடு பூஜையறையில் வைத்துவிடுவார்கள். 1970, 80களில் போனவர்கள் வீட்டில் சீருடை வீரேந்திரர் இருக்க நல்ல வாய்ப்புண்டு. பிரச்சினை என்னவென்றால், பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டிருப்பார்கள். லேமினேஷன் போட்ட நோட்டு சேர்ப்பவருக்குச் செத்த நோட்டு. செலோடேப் ஒட்டியதும் கிட்டத்தட்ட அப்படித்தான், பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கடையில் விற்கும் மெத்தென்ற பிவிசி உறையும் நாளடைவில் வியர்த்து ஒட்டும். பாலியெஸ்டர் உறை கொஞ்சம் விலை, ஆனால் சென்னை ஈரத்தில் அதுதான் தாங்கும். பீரோவில் துணிகளுக்கு நடுவே ரசகற்பூரத்தோடு வைக்காதீர்கள்.

காத்மாண்டுக்கே போகிறவர்கள் வசந்தபூர் சதுக்கத்திலும் தமேல் சந்துகளிலும் பழைய பொருள் விரித்திருக்கும் கடைகளைப் பார்ப்பார்கள். அங்கே சுற்றுலாப் பயணிக்கென்று அட்டையில் செருகிய செட்டுகள் கிடைக்கும். அன்பளிப்புக்கு நல்லது, சேமிப்புக்குத் தேவையில்லை. விலை கேட்கும்போது ஐசியா என்சியா என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஐசி என்றால் இந்திய ரூபாய், என்சி என்றால் நேபாள ரூபாய். 1993 முதல் ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்று நிலையாக நிற்கிறது. பேரம் முடிந்த பிறகு 'நான் சொன்னது ஐசி' என்று கேட்டு விழித்தவர்கள் பலர்.

கையெழுத்தை வைத்துக் காலம் சொல்லலாம் என்றேன். அதற்கும் இப்போது ஒரு விதிவிலக்கு வந்துவிட்டது. இந்தியாவும் தனதென்று சொல்லும் லிபுலேக், காலாபானி, லிம்பியாதுரா பகுதிகளைச் சேர்த்து 2020இல் நேபாளம் திருத்திய வரைபடத்தை 100 ரூபாய் நோட்டில் போட 2024 மே மாதம் அமைச்சரவை முடிவெடுத்தது. இந்தியா ஆட்சேபித்தது. அச்சடிக்கும் வேலை ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. நோட்டு வெளியானது 2025 நவம்பர் 27இல். இடப்பக்கம் எவரெஸ்ட், நடுவில் வெளிர்பச்சையில் வரைபடம், பின்பக்கம் வழக்கம்போல ஒற்றைக்கொம்பு காண்டாமிருகம். கையெழுத்து மகா பிரசாத் அதிகாரியுடையது, போட்டிருக்கும் ஆண்டு விக்கிரம 2081. நோட்டு மக்கள் கைக்கு வந்தபோது ஆண்டு 2082 ஆகியிருந்தது. அதிகாரி பதவியை விட்டுப் போய் அரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.